தவக்காலத்து அல்வா

"கோடு ஏம்மா பூஜ்யத்துல ஆரம்பிக்குது? மே மாசம் வரைக்கும் நான் என்ன தூங்கிட்டா இருந்தேன்?"

அல்வா கம்பெனியின் விற்பனை மேலாளர் ஸ்டெர்யோஸ், கணினித் திரையில் இருந்த விற்பனை வரைபடத்தை விரலால் குத்தினார். எவாந்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளை ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். தெஸ்ஸலோனிக்கி நகரமே தீவுகளுக்குக் கிளம்பிவிட்டது. நான்கு மணிக் கப்பலில் அவளும் அம்மாவிடம் போயாக வேண்டும். லீவு கடிதமோ கையெழுத்தாகாமல் இந்த மனிதரின் சட்டைப்பையில் கிடந்தது.

"ஈஸ்டருக்குப் பின்னாடி மட்டும் காட்டுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ஃபில்டர் போட்டா முந்தின மாசமெல்லாம் போயிடும். மொத்தத்தையும் அங்கேருந்துதான் கூட்டும்."

"அந்த மாசமெல்லாம் கண்ணுல படக்கூடாது. அப்ப வித்த அல்வா மட்டும் மொத்தத்துல இருக்கணும். இதுகூடத் தெரியாம எதுக்கு வேலைக்கு வந்தே?"

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த அர்ச்சனை!

முதலில் மொத்தத்தைக் கூட்டிவிட்டு, பிறகு ஃபில்டர் போட்டாள். கோடு எங்கோ உச்சியில் தொடங்கி அப்படியே படுத்துக்கொண்டது. கறி, பால், முட்டை கூடாத தவக்கால நோன்பு ஈஸ்டரோடு முடிந்து எல்லாரும் ஆட்டுக்கறிக்குத் தாவிய பிறகு அல்வாவை யார் சீண்டுகிறார்கள்?

"என்னம்மா இது, செத்தவன் நாடி மாதிரி?"

உச்சி மட்டும் தெரியும்படி படத்தின் அடிப்பகுதியை வெட்டினாள். கோடு செங்குத்தாக எகிறியது.

"ஐயையோ! அடுத்த வருஷம் இதைவிட டபுளா கேப்பாரு முதலாளி. கொஞ்சம் சாய்ச்சு விடு."

சாய்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் நிமித்து."

"சார், இது விற்பனைக் கணக்கா, உங்க வீட்டு சாய்வு நாற்காலியா?"

"லீவு வேணுமா, வேண்டாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினாள்.

முதலாளி திராசிவுலோஸ் வந்தார். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அடேங்கப்பா! கொளுத்துற வெயில்ல இவ்வளவு அல்வாவா? ஸ்டெர்யோஸ், உங்களைப் பங்குதாரராவே சேத்துக்கலாம் போலிருக்கே!"

ஸ்டெர்யோஸ் அடக்கமாகத் தலைகுனிந்தார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உழைத்தவள் இங்கே நிற்கிறாள், மாலை மட்டும் அவருக்கா? எவாந்தியாவால் பொறுக்க முடியவில்லை.

"படம் போட்டது நான், முதலாளி! தவக்காலத்துல வித்த அல்வாவை எல்லாம் வெளியே தெரியாம மொத்தத்துல சேக்குறதுக்குள்ள என் உயிரே போயிடுச்சு. இப்ப கப்பலும் போயிடும் போலிருக்கு!"

ஸ்டெர்யோஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

முதலாளி அவரை முறைத்தார். "தவக்காலத்துல இவரு எதிர்த்தெரு ஐஸ்கிரீம் கம்பெனியிலதானே இருந்தாரு! ஈஸ்டருக்கு அப்புறம்தானே இங்க வந்தாரு! நீ போயி கப்பலைப் பிடிம்மா, இனிமே லீவெல்லாம் இவருக்குத்தான்."