எதுக்கு வம்பும் ஜப்பான் பிளாப்பியும்

கோயம்புத்தூர் ஜில்லாவில் அவரைவிடப் பயந்த மனிதர் அதற்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் "எதுக்குங்க வம்பு?" என்பார். அதனால் துடியலூர் சாக்ஸ் கம்பெனியில் அவருக்கு 'எதுக்கு வம்பு' என்றே பெயர். சொந்தப் பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

வேலை, கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, பென்சில் முனையால்தான் சுவிட்சைத் தட்டுவார். உள்ளே விசிறி உறுமினால் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வருவார்.

எங்கள் பின்னல் மெசின் ஜப்பானிலிருந்து வந்தது. டிசைன்கள் ஒரு பிளாப்பியில். ஒவ்வொரு டிசைனுக்கும் ஜப்பானிய எழுத்தில் பெயர். எங்கள் கம்ப்யூட்டருக்கு அந்த எழுத்து தெரியாது. ஜன்னல் கம்பி, அரைச்சுவர், தொப்பி வைத்த ஆங்கில எழுத்து என்று கையில் கிடைத்ததைக் காட்டும். பார்த்த அன்றே அவர் வெளிறிப்போனார். தினமும் காலையில் முப்பத்தொரு பெயரையும், பக்கத்தில் அதனதன் பைல் அளவையும் ஒரு நோட்டில் அப்படியே வரைந்து, நேற்றைய பக்கத்தோடு ஒப்பிடுவார்.

"என்னங்க இது, கோலமா?"

"ராத்திரி எதாச்சும் நகர்ந்துபோச்சான்னு பாக்கறனுங்க சார்."

நான் மேனேஜர், எம்.எஸ்ஸி. படித்த திமிர். அவர் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தக் கிறுக்கல்களை எல்லாம் எடுத்துவிட்டு ரோஸ், லோட்டஸ், ஜெரேனியம் என்று அழகான ஆங்கிலப் பெயர்களை வைத்தேன். நகல் எடுக்கவில்லை.

மெசினோ பழைய பெயர்களைத்தான் தேடியது. காணோம் என்றதும் அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் சரக்கு கப்பலுக்குப் போக வேண்டும்.

எங்கள் முதலாளிக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "எந்தப் புண்ணியவானுங்க கம்ப்யூட்டர்ல கை வெச்சது? சாயங்காலத்துக்குள்ள மெசின் ஓடோணுங்க. இல்லீன்னா கை வெச்சவரு நாளைக்கு வர வேண்டாமுங்க."

நான் மெசின் ஊசியை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"நான்தானுங்க தொட்டுப்போட்டேன்" என்றார் எதுக்கு வம்பு.

நோட்டை விரித்தார். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தின் கடைசியில் ஒவ்வொரு கிறுக்கலுக்கும் ஓர் எண் இருந்தது. ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு அந்த எண்ணைத் தட்டினால் கிறுக்கல் வரும். பெயர் மாறினாலும் பைல் அளவு மாறாதே, அதை வைத்து எது எதுவென்று கண்டுபிடித்து, ஒவ்வொரு ஜன்னல் கம்பியாக நட்டார். விரல் நடுங்கி எண் தவறும். "சாமி, சாமி" என்று அழித்துவிட்டு மறுபடி தட்டுவார். முதலாளி முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். பொழுது சாயும் நேரத்தில் மெசின் கடகடவென்று ஓடியது.

முதலாளி போனதும் மெதுவாகக் கேட்டேன்: "ஏனுங்க, நீங்க எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"ஜெரேனியம்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க சார். அதைப் பாத்ததுமே நீங்கதான்னு புரிஞ்சுபோச்சுங்க."

"பின்னே?"

"உங்க முழங்கால் ஆடிட்டு நின்னுதுங்க. பயந்தா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

முதலாளியிடம் கடைசிவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. எதுக்கு வம்புவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு டீ வாங்கி வந்து, அவர் கைநடுக்கம் நிற்கும்வரை டம்ளரை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.