துள்ளி கம்பெனியை எப்போது மூடுகிறார்கள்?

கந்தர்வக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை, காலை 9.40

அன்புள்ள மருமகன் நிலவழகனுக்கு மாமா வெள்ளைச்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருப்பதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உன் அத்தை சொர்ணவல்லி என்னைவிட நலம்; அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. கோயம்புத்தூரில் வெயில் எப்படி, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, உன் அம்மாவிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசுகிறாயா என்பதையெல்லாம் நான் விசாரித்ததாக வைத்துக்கொள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் பேசினால் அடுப்படி வரைக்கும் கேட்கும். இது அடுப்படிக்குக் கேட்கக்கூடாத சமாச்சாரம்.

நேராகவே கேட்கிறேன். நீ வேலை பார்க்கும் துள்ளி கம்பெனியை எப்போது மூடுகிறார்கள்? தேதி தெரிந்தால் எழுது. மாதம் தெரிந்தாலும் போதும், நான் சமாளித்துக்கொள்வேன்.

கோபப்படாதே மாப்பிள்ளை. பொங்கலுக்கு வந்தபோது எனக்கு ஒரு துண்டும் உன் அத்தைக்கு ஒரு துள்ளியும் கொடுத்தாயே, அன்று பிடித்தது சனியன். விற்காமல் நின்ற சரக்கில் ஊழியருக்கு ஒன்று என்று கொடுத்தார்கள் என்றாய். இரண்டு கையிலும் பிடித்துக்கொள்கிற அளவு, மஞ்சள் நிறம், நடுவில் சின்னத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான். விளையாட்டைத் தவிர வேறு ஒன்றுக்கும் உதவாத மெஷின். மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற ஆட்டமாம். வளைவு, எதிரே லாரி, குறுக்கே மாடு, ஸ்டாப்பில் ஜனம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மார்க், இடித்தால் மார்க் குறையும். உன் அத்தை தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தே தேய்த்துவிடுகிற ஆள். இவள் எத்தனை நாளைக்கு ஓட்டப் போகிறாள் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வாரம் ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. “சொர்ணம், அடுப்பு!” என்று கத்தினால், “செத்த இருங்க, எதுக்க லாரி வருது” என்கிறாள். மூன்றாம் வாரம், எட்டரைக்கு வர வேண்டிய இட்டிலி 8.52க்கு வந்தது. நான்காம் வாரம் அந்த மெஷினுக்குள் மாநிலப் பட்டியல் என்று ஒன்று வந்து, அதில் முதல் பெயராக ‘சொர்ணவல்லி, கந்தர்வக்கோட்டை’ என்று நின்றது. பால் ஊற்ற வருகிறவர் வாசலில் நின்று கை கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்கு இல்லை, அவளுக்கு. முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக நின்றவன் நான். பஸ்ஸுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்றால் அது என் வழியாக வந்தது. இப்போது அதே பஸ் ஸ்டாண்டில் நடந்துபோனால், “சொர்ணவல்லியம்மா வீட்டுக்காரரு போறாரு பாரு” என்கிறார்கள்.

சரி, பொண்டாட்டிதானே, பெருமைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் பெரியண்ணன் என்கிறவன் வந்து சேர்ந்தான். உனக்குத் தெரியாது, ரிட்டயர்டு டிரைவர், பின் தெரு. சர்வீஸில் இருந்தபோது அவன் லேட்டாக வந்த ஒவ்வொரு நாளும் நான் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன், அவனும் ஒவ்வொரு நாளும் என்னை முறைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். உன் அத்தை புகழ் பரவியதும் அவன் மருமகள் அவனுக்கும் ஒரு துள்ளி வரவழைத்துக் கொடுத்துவிட்டாள். இரண்டு மெஷினைப் பக்கத்தில் வைத்தால் ஒரே ரோட்டில் இரண்டு பஸ்ஸும் ஓடுமாம், இப்படி ஒரு வசதியைச் செய்தவன் யார் என்று முடிந்தால் விசாரித்துச் சொல். தினம் நாலு மணிக்கு வந்துவிடுகிறான். என் நாற்காலியில் உட்காருகிறான். “தங்கச்சி, எறக்கத்துல பிரேக்கப் புடிச்சுக்கிட்டே போகாதீங்க. கியரக் கொறைங்க, வண்டி சொன்னபடி கேக்கும்” என்கிறான். “அட ஆமாண்ணே! இதெல்லாம் ஒங்களுக்குத்தான தெரியும்!” என்று இவள் பூரித்துப்போகிறாள். தங்கச்சி, அண்ணே எல்லாம் சரிதான், ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்கு ஒரு தட்டில் வறுத்த முந்திரிப்பருப்பு வருகிறது பார், அது நம் கொல்லையில் விளைந்தது, கொழுப்பு என்று டாக்டர் எனக்கு நிறுத்திய முந்திரி. அவன் மென்று தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பேப்பர் படிக்கிறேன். படிக்கிறேன் என்றால் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

அந்தப் பேப்பரில்தான் கடவுள் கண் திறந்தார். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு மூலையில், கையில் வைத்து விளையாடும் மெஷின்கள் செல்போனோடு போட்டி போட முடியாமல் தவிக்கின்றன, துள்ளியின் எதிர்காலம் கேள்விக்குறி என்று போட்டிருந்தான். மாப்பிள்ளை, சொன்னால் தப்பாக நினைக்காதே, ரிட்டயர் ஆன பிறகு அவ்வளவு சந்தோஷமாக ஒரு செய்தியை நான் படித்ததில்லை. கத்தரித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இருந்தாலும் ஒரு நிபுணர் கருத்து வேண்டுமே என்று கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கும் உதயசூரியனிடம் போனேன். பார்த்துவிட்டு, “ஐயா, இதெல்லாம் இனிமே ஓடாதுங்க. போன்லயே பாட்டு, படம், வெளையாட்டு அம்புட்டும் வந்துருச்சு. தனியா ஒன்ன யாரு சொமந்துக்கிட்டுத் திரிவா? ஒரு வருசம் தாண்டாது” என்றான். அவனுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். என் அனுபவமும் அதுதான் சொல்கிறது. ஆள் ஏறாத ரூட்டை நிறுத்திவிடுவதுதான் முறை. எத்தனை நிறுத்தியிருக்கிறோம், யார் செத்துப்போனார்கள்?

வீட்டுக்கு வந்து முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு அவளிடம் பேப்பரைக் காட்டினேன். அவள் படித்தாள். மறுநாள் மெஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனாள். நான் அந்தப் பக்கம் தற்செயலாக மூன்று தடவை நடந்துபோனேன். நடுவில் நின்றுகொண்டு பேசுகிறாள்: “போனக் குடுத்தா புள்ளைங்க அதுல என்னத்தப் பாக்குதுன்னு நமக்குத் தெரியுதா? இதுல ரீல்சு வராது, கண்டவன் கூப்பிட மாட்டான். வெளையாடி முடிச்சா மூடி வச்சிரலாம். நம்ம நிலவழகன் கம்பெனி. அந்தப் பய வேலை போயிரக் கூடாது.” குழுத் தலைவி காத்தாயி உட்பட எட்டுப் பேர் லீவுக்குப் பிள்ளைகளுக்கு வாங்குகிறோம் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒரு தடவை வார்டு தேர்தலில் நின்றபோது எட்டு ஓட்டு வாங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனி சொல்லப்போவது நமக்குள் இருக்கட்டும். போன மாதம் அவள் கறம்பக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். மெஷின் அலமாரியில் இருந்தது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்போமே, நாமும் தேறிவிட்டால் அந்தப் பெரியண்ணனை நாலு பேர் முன்னால் ஒரு கை பார்க்கலாமே என்ற நல்ல எண்ணத்தில்தான் எடுத்தேன். பஸ் புறப்பட்டது. முதல் வளைவில் ஏரிக்குள் விழுந்தது. மறுபடி புறப்பட்டது. மறுபடி ஏரி. பிரேக் என்று நினைத்து நான் அமுக்கியது ஹாரனாம். ஹாரன் அடித்துக்கொண்டே ஏரிக்குள் போனேன். மூன்று மணி நேரத்தில் நாற்பத்தொரு தடவை. ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த ஜனம் ஐயோ என்று கத்தும், அதை வேறு தத்ரூபமாகச் செய்து வைத்திருக்கிறீர்கள். நான் விழ விழ மார்க் குறைவது அவள் பெயரில் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் பட்டியலைப் பார்த்தால் உன் அத்தை அறுநூற்று முப்பத்தெட்டாவது இடத்தில் இருக்கிறாள். துண்டால் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கல்யாணப் புடவையை மாற்றக்கூட இல்லை, எடுத்துப் பார்த்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள் மாப்பிள்ளை. அவள் அழுது நான் பார்த்தது எங்கள் மகள் ராதா கல்யாணத்தில்தான். “என்னாச்சுங்க இது? யாராச்சும் தொட்டாங்களா?” என்றாள். “மெஷினு கோளாறு. அதான் கம்பெனியே முங்குதுன்னு போட்டிருந்தானே” என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டாள். நம்பினவள் சும்மா இருந்தாளா? கோளாறான சாமானைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது என்று குழுவில் போய்ச் சொல்லி, எட்டுப் பெயரையும் அடிக்க வைத்தாள். புகார் நம்பருக்குப் போன் போட்டாள். அப்புறம்தான் நீ எனக்குப் போன் போட்டு, “மாமா, சத்தியமாச் சொல்லுங்க, யாரும் தொடலையா? மதிப்பெண் தானா அழிஞ்சுதுன்னு ரிப்போர்ட் போனா எங்க டீமையே எடுத்துருவாங்க” என்று கேட்டாய். அத்தை பக்கத்தில் நின்றாள். தொடவில்லை என்றேன்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். ரிப்போர்ட் கோளாறு என்றே போகட்டும். எப்படியும் மூடப்போகிற கம்பெனி, ஒரு மாதம் முன்னே பின்னே என்ன? நீ ஊருக்கு வந்து கவர்மெண்ட் பரீட்சை எழுது, நான் படிக்க வைக்கிறேன். பெரியண்ணன் மெஷினும் நின்றுபோகும், என் நாற்காலி எனக்கு வந்துவிடும், இட்டிலி எட்டரைக்கு வரும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

நீ ஏறுகிற பஸ்ஸில் எல்லாம் ஜன்னலோர சீட்டு கிடைக்கட்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமா
வெள்ளைச்சாமி

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை, மாலை 6.15): மேலே எழுதிய டிரிப் முழுவதும் கேன்சல். செவ்வாய்க்கிழமை கவரை ஒட்டப் பசை கேட்டேன். “என்ன இம்புட்டுக் கனமா இருக்கு?” என்று உன் அத்தை வாங்கிப் பிரித்து, நின்றபடியே வாசித்துவிட்டாள். பதினோரு நிமிடம். தப்பித்துப் போக வாசலும் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது.

“நாப்பத்தோரு தடவையா?” என்றாள்.

“ஆமா.”

“ஒரு வளைவுகூடவா திரும்பல?”

“முப்பதாவது தடவ பாதி திரும்புனேன்.”

சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “மொத நாளு ஒங்களத்தான கூப்புட்டேன்? நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல ஒக்காந்து நேரம் சொல்லுங்கன்னு. புள்ளைங்க வெளையாட்டுன்னு திரும்பிப் படுத்துட்டீங்க. ரிட்டயர் ஆன நாள்லேருந்து எங்கிட்ட மணி என்னன்னு கேக்குறதத் தவிர வேற என்ன பேசியிருக்கீங்க? பஸ்ச வச்சாவது பேசுவீங்கன்னு பாத்தேன். பெரியண்ணன்தான் வந்து பேசுனாரு.”

அவள் என்னைக் கூப்பிட்டதை நான் மேலே எழுதவில்லை. மறந்துபோய் எழுதாமல் விட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

புகாரை அப்போதே போன் போட்டு வாபஸ் வாங்கிவிட்டாள். எனக்குத் தண்டனை, இன்றைக்குக் குழுவில் நானே நின்று சொல்ல வேண்டும் என்பது. சொன்னேன். முப்பது பெண்கள். ஏரி என்ற இடத்தில் ஆரம்பித்த சிரிப்பு நான் முடித்த பிறகும் ஓயவில்லை. காத்தாயி மட்டும் யோசித்துவிட்டு, “பஸ் ஸ்டாண்டுலயே கெடந்த அண்ணனுக்கே ஓட்ட வரலைன்னா, எம்புள்ளைங்க ஒரே நாள்ல முடிச்சுப்புட்டு போரடிக்குதுன்னு வராதுக. எனக்கு ரெண்டு வேணும்” என்றாள். எட்டு பதின்மூன்றாகிவிட்டது. ஆகவே உன் கம்பெனிக்கு எதிர்காலம் உண்டு, உதயசூரியனுக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கடிதத்தையே உன் மேனேஜரிடம் காட்டு. நாற்பத்தொன்று என்பதை மட்டும் பன்னிரண்டு என்று திருத்திக்கொள்.

இப்போது அவள் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் சொல்கிறேன். நேற்று ஐந்நூற்று எழுபதாவது இடம் வரை ஏறிவிட்டோம். பெரியண்ணன் நாலு மணிக்குத்தான் வருகிறான். நாங்கள் மூன்றரைக்கே வண்டியை எடுத்துவிடுகிறோம்.