ஜேர்மன் வகுப்பில் ஒரு காவல்காரன்

சந்தேகப்படுகிறவனுக்குக் கண் கூர்மை, காது மந்தம். என் மகளின் பரீட்சையை நாசமாக்கித்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

சுபாவுக்கும் ஜேர்மனியில் இருக்கும் மாப்பிள்ளைக்கும் பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. அவள் அங்கே போக விசா வேண்டும். விசாவுக்கு ஆரம்ப ஜேர்மன் பரீட்சை பாஸாக வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் வகுப்பு. பொடியன்களும் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நானும் சேர்ந்துவிட்டேன். (ஓய்வுபெற்றவனுக்கு அறிவுத் தாகம் என்று அயலுக்குச் சொன்னேன்.)

கடைசி வாங்கில் இருந்தபடி, சுபாவுக்கு அழிறப்பர் கொடுத்த மீசைக்காரனையே கவனித்தேன். துணை வாக்கியப் பாடம் நடந்த நாளில், வினைச்சொல் கடைசிக்குப் போகும் என்பது வரை காதில் விழுந்தது. தமிழிலும் அப்படித்தானே என்று மிச்சத்தை விட்டுவிட்டேன்.

பரீட்சைக்கு முதல் நாள் அவள் குளிக்கப் போனபோது கொப்பியைத் திறந்தேன். அகராதியோடு மல்லுக்கட்டி மூன்று வசனங்களைப் பிடித்தேன்.

'அப்பா நித்திரையாக இருக்கும்போது நான் வெளியே போகிறேன்.'

'அவன் கீழே நிற்கிறான் என்று அப்பாவுக்குத் தெரியாது.'

'அம்மா வாய் திறக்கமாட்டார், ஏனென்றால் அவருக்கு எல்லாம் தெரியும்.'

(மனைவி கொண்டுவந்த தேநீரைக்கூட மணந்து பார்த்துத்தான் குடித்தேன்.)

சுபா வந்ததும் கேட்டேன். "ஆர் அவன்?"

"ஐயோ அப்பா, அது ஹோம்வர்க்!"

"நானும் அந்த வகுப்புத்தானே? எனக்குத் தெரியாத ஹோம்வர்க்கோ?"

"நீங்கள் எங்க படிச்சனீங்கள்? பொடியளை எண்ணிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்!" என்றாள் மனைவி.

மறுநாள் காலை வாசற்கதவைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகி, கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். சுபா கெஞ்சினாள், அழுதாள். ஒன்பது மணிக்குப் பரீட்சை தொடங்கும். ஒன்பது அடித்ததும் அழுகையை நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

பத்து மணிக்கு டீச்சர் போனில் கோல் எடுத்தார். "ஐயா, சுபா ஏன் வரேல்லை?"

மூன்று வசனங்களையும் குற்றப்பத்திரிகை போல வாசித்தேன்.

"ஐயா, வீட்டு ஆக்களைப் பற்றிப் பகிடியாப் பொய் வசனம் எழுதச் சொன்னதே நான்தான். எல்லாரும் தந்திட்டினம். நீங்கள் மட்டும்தான் இன்னும் தரேல்லை."

அடுத்த பரீட்சைக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணத்தை மாப்பிள்ளைக்கு நானே சொன்னேன். "பரவாயில்லை மாமா" என்றார். திட்டியிருக்கலாம்.

போன விடுமுறைக்குச் சுபா குடும்பம் ஜேர்மனியிலிருந்து வந்திருந்தது. பேத்தியின் கொப்பி மேசையில் கிடந்தது. மட்டையில் கோணல் தமிழில் எழுதியிருந்தாள்: 'அம்மப்பா, இது ஹோம்வர்க். கதவைப் பூட்ட வேண்டாம்.' வீடே சிரித்தது. சுபாவும் சிரிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் நான் சிரித்தேன்.