மீசையில் க்ரீம்

கடை கடையாகக் கண்காணிப்புக் கேமரா மாட்டி, இனிமேல் ஒரு ஈகூடத் தப்பாது என்று மார்தட்டுகிற கேமராக்காரர், இன்று தானே அகப்பட்டுக்கொண்டார். காலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிக் கிளம்பியவர், பேக்கரி மூலையில் உட்கார்ந்து மூன்றாவது கேக்கை விழுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் ஒரு பெண் தன் தோழியை வீடியோ எடுத்தாள். தோழிக்குப் பின்னால் இவர், மீசை முழுக்க க்ரீமோடு, கண்ணை மூடி, பரமானந்தத்தில். அவள் அதற்கு ஒரு பாட்டையும் சேர்த்து இன்டர்நெட்டில் போட, மத்தியானத்துக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

மூன்று லட்சம் பேரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒருத்தி பார்க்கக் கூடாது. சர்க்கரை ஏறினபோதே மனைவி தெளிவாகச் சொல்லியிருந்தாள். இன்னொரு தடவை இனிப்பைத் தொட்டால், ஜெயில் வார்டராக இருந்து ஓய்வுபெற்ற அவள் அண்ணன் வந்து வீட்டோடு தங்கி, தினமும் கூடவே நடப்பார். அந்த மச்சானைப் பார்த்தாலே இவருக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

வழியெல்லாம் எல்லாரும் தன் மீசையையே பார்ப்பதுபோல் இருந்தது. பஸ்ஸில் ஒருவன் போனை நிமிர்த்தியதும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். பாவம், அவன் மணி பார்த்தான். மனுஷன் நிம்மதியாக வாயைத் திறக்க முடியாத காலமாகிவிட்டதே என்று புலம்பினார். தெருவுக்குத் தெரு கேமரா மாட்டின புண்ணியவான் புலம்பினார்!

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். ரிப்பேர் என்றார். துணி மடித்துக்கொண்டே அவள் சரி என்றாள். அவள் போனில் தனியாக டேட்டா இருப்பது அப்புறம்தான் உறைத்தது.

"உன் போனைக் குடு. ஏதோ புது வைரஸாம், பார்த்துத் தந்துடறேன்."

உடனே எடுத்து நீட்டினாள். அவசரமாகத் திறந்தார். திரையில் பேக்கரி தெரிந்தது. அவருடைய மூலை மேஜையை யாரோ அந்த நிமிஷம் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கடைக்குக் கேமரா மாட்டினப்ப, படம் சரியா வருதான்னு என் போன்லதானே போட்டுப் பார்த்தீங்க? எடுக்க மறந்துட்டீங்க. மூணு மாசமா உங்களைப் பார்த்துக்கிட்டேதான் காபி குடிக்கிறேன்."

கேமராக்காரர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"அண்ணன் எதுக்கு? கடைக்காரர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். உங்க தட்டுக்கு வர்ற கேக்குல சர்க்கரையே கிடையாது." மடித்த சட்டையை அவர் மடியில் வைத்தாள். "மூணு லட்சம் பேரும் பார்த்தது, நீங்க க்ரீம்னு நெனச்சுத் தயிரை நக்கினதைத்தான்."