விடுங்கோவும் நண்டு வலையும்

யாழ்ப்பாணக் கடலேரியில் இன்றுவரை அதிகம் நண்டுக் கடி வாங்கிய மனிதன் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: அரியாலை 'விடுங்கோ'.

அவன் எங்கள் இளைஞர் கழகத்தின் தலைவன். முப்பதை எட்டிப் பார்க்கும் வயது, ஈர்க்குப் போல உடம்பு, ஒலிபெருக்கி போலக் குரல். பிள்ளைகளை வேலைக்கு வைக்கிற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு அமைப்பு எங்கள் கழகத்தோடு கைகோத்தது. பட்டணத்தில் ஒரு ஹோட்டலில் வகுப்பு வைத்து, புரியாணியும் கொடுத்து அனுப்பினார்கள். போகும்போது நல்லாத்தான் போனான். வந்த பிறகு, எந்தப் பிள்ளை எதைத் தூக்கினாலும், "விடுங்கோ! பிள்ளையை விடுங்கோ!" என்று பாயத் தொடங்கினான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கோயில் திருவிழாவில் ஒரு சின்னவன் பாற்காவடி எடுத்து ஆடிக்கொண்டிருந்தான். இவன் குறுக்கே போய் நின்றான்.

"விடுங்கோ! பிள்ளையின்ரை தோளிலை பாரம் ஏத்தலாமே?"

"உது முருகனுக்கு வைச்ச நேர்த்தி," என்றாள் தாய். "வேணுமெண்டால் முருகனிட்டைப் போய்க் கதையும்!"

தவில்காரர் அடியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

கடற்கரையில் என் தேத்தண்ணிக் கடைக்கு வந்த ஒரு பிள்ளையிடமும், "இஞ்சை உன்னை வேலைக்கு வைச்சிருக்கினமோ?" என்று விசாரித்தான். என் வடைக்கு மானிப்பாயிலிருந்தும் ஆள் வரும். எனக்குக் கோபம் வராதா?

"அவள் தின்ன வந்தவள். நீ எழும்பிப் போடா!"

ஆனால் துஷாவின் விஷயத்தில் அவன் பிழை விடவில்லை. தாய் தகப்பன் இல்லாத பன்னிரண்டு வயதுப் பெட்டை அவள். விடிந்ததும் சித்தியோடு, படகும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டியாரின் கடற்கரை வாடிக்கு வந்து, வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றுவாள். முடிய மத்தியானமாகும். பள்ளிக்கூடம் எங்கே போவது?

"விடுங்கோ, சம்மாட்டியார்."

"விடுறன். அவளின்ரை வேலையை ஆர் செய்யிறது? நீரோ?"

"ஓம். நான்தான்."

சம்மாட்டியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி. ஆனால் நீர் வராத நாள் பெட்டை வருவாள். சம்மதமோ?"

"சம்மதம்."

அன்றிலிருந்து துஷா வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனாள். அவளுடைய கூலி சித்தியின் கைக்கே போனது. விடுங்கோ வலைக்குள் இருந்து அலறினான். அவன் நண்டைக் கழற்றினானா, நண்டு அவனைக் கழற்றியதா என்று சொல்வது கஷ்டம். ஒரு நண்டுக்கு வலையில் இரண்டு ஓட்டை விழுந்தது. அவன் அலறினால் என் கடையில் கிளாஸ் அதிரும்.

"எட தம்பி, காலைப் பிடியாதை, முதுகைப் பிடி!" என்று சித்தி கத்துவாள்.

"எல்லாப் பக்கமும் காலாக் கிடக்குது, அன்ரி!"

இப்படியிருக்க, அந்த அமைப்பின் வெளிநாட்டுப் பெண் வேலையைப் பார்வையிட வந்தாள். சனசமூக நிலையத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு, மாலை எல்லாம் தயார். தலைவனைத்தான் காணவில்லை. துஷாவுக்கு அன்று பள்ளிக்கூடத்தில் தவணைச் சோதனை. இவன் எழுந்தால் சம்மாட்டியார் ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டுவிடுவார்.

கழகத்துப் பெடியள் ஓடி வந்தார்கள். "அண்ணை, விளக்கேத்த வாங்கோ! எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்!"

"விளக்கை ஆரும் ஏத்தலாம். உந்த நண்டை ஆர் கழட்டுறது? நான் வரேல்லை!"

கடைசியில் அந்தப் பெண்ணே சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தாள். தலைவர் எங்கே என்று கேட்டாள். மொழிபெயர்க்க வந்தவர் வாயைத் திறக்கும் முன் நான் கையை நீட்டிக் காட்டினேன். "உந்தா, நண்டோடை சண்டை பிடிக்கிறார்."

அவனுடைய பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது. கழகத்துக்கு என்ன உதவி வேண்டும் என்று அவள் கேட்டாள். கட்டிடமோ கணினியோ கேட்பான் என்று பெடியள் காத்திருந்தார்கள்.

"தடிச்ச கையுறை ஒரு சோடி," என்றான்.

பெடியள் தலையில் கை வைத்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முழுக்கதையையும் கேட்டாள்.

கையுறை வந்தது. சில மாதங்களில், சித்தி சொந்தமாகக் கருவாடு போட்டு விற்க அந்த அமைப்பு உதவி செய்தது. துஷாவின் கூலியை நம்பி இருக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லாமல் போனது. "இனி ரெண்டு பேரையும் விடுறன். என்ரை வலை தப்பினால் போதும்!" என்றார் சம்மாட்டியார். துஷா இப்போது ஒன்பதாம் வகுப்பு.

விடுங்கோவின் விரல்கள் மட்டும் பழையபடி ஆகவில்லை. சூடான கிளாஸைப் பிடித்தால் கூசும். எங்கள் கடற்கரையில் ஆருக்கும் நான் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்ததில்லை. அவனுக்கு மட்டும், அவன் பார்க்காத நேரம் பார்த்து, ஆற்றி வைத்துவிடுவேன்.