உபத்திரவத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?

“முன்னாடியா, பின்னாடியா?” என்றார் பல் டாக்டர்.

லிஃப்ட் மெக்கானிக் வந்த வாசலைத் திரும்பிப் பார்த்தான். பெண் கேட்டு வந்த இடம். எந்த வாசல் வழியாக வந்தாய் என்று கேட்கிறாரோ என்று தோன்றியது.

“உபத்திரவத்தைக் கேக்கறேன் தம்பி. கடைசி காலத்துல ஏழு வருஷம் உபத்திரவம் வரும்ல? அதுக்கு முன்னாடியே விசுவாசிங்க மேல எடுத்துக்கொள்ளப்படுவாங்களா, இல்ல எல்லாத்தையும் அனுபவிச்சுட்டுத்தானா? உன் விளக்கவுரை என்ன சொல்லுது?”

ஆட்களை மேலே கொண்டுபோவதுதான் மெக்கானிக்கின் தொழில். ஆனாலும் இந்தக் கோணத்தில் அவன் யோசித்ததில்லை. வேதாகமம் இருக்கிறது, விளக்கவுரை இல்லை என்றான்.

“விளக்கவுரை இல்லாத வீட்டுக்குப் பொண்ணும் இல்லை. நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா, பேசலாம்.”

காபி கொண்டுவந்த டாக்டரின் அக்கா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே வாதாடிப் பழகியவர் தம்பி. இதுவரை தோற்றதில்லை.

மறுநாள் பெண்ணே போன் செய்தாள். “அப்பா ‘பின்னாடி’ கட்சி. சபைக்கு எதிர்ல புத்தகக் கடை இருக்கே, அங்கயே வாங்குங்க.” குரலில் அவ்வளவு அக்கறை. அன்று லிஃப்டுக்கு எண்ணெய் போடும்போதுகூட மெக்கானிக் தனியாகச் சிரித்தான்.

கடைக்காரர் இளைஞர். செங்கல் கனத்தில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். “பிடிக்கலைன்னா மாத்திக்கலாம் பிரதர். முனை மட்டும் மடிக்காதீங்க.”

பல் டாக்டர் இரண்டே பக்கம் புரட்டினார். “பின்னாடியா! காலத்தை யுகமாப் பிரிக்கறதையே ஒத்துக்காத ஆளு எழுதினது! இதை வாங்கச் சொன்னது யாரு?”

“நானேதான் சார்,” என்றான் மெக்கானிக். காட்டிக்கொடுப்பது அவன் ரத்தத்திலேயே கிடையாது.

“ஐயோ, மாத்திச் சொல்லிட்டேன்,” என்றாள் பெண். “அப்பா ‘முன்னாடி’. ஆதியிலேர்ந்து அந்தம் வரைக்கும் காலத்தை ஏழு யுகமாப் பிரிச்சிருக்கிற புத்தகமாப் பாருங்க.”

மாற்றினான். உள்ளே ஏழு யுகங்களும் வண்ணப்படமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. விரித்தால் மேஜையைத் தாண்டித் தொங்கியது நித்தியம்.

“ஏழா?” சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார் டாக்டர். “நாலுதான்! மூணைப் பிடுங்கியாகணும்!”

மூன்றாம் முறை போனபோது கடைக்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார். காலடியில் ஒரு பெட்டி.

“இந்தப் புத்தகத்துல எல்லாக் கட்சியும் இருக்கு பிரதர், தீர்ப்புதான் இல்லை. நல்லா இழுத்துப் பேசுங்க. வாதத்துல இறங்கிட்டா வீடே பத்திக்கிட்டாலும் டாக்டர் திரும்பிப் பாக்க மாட்டார்.” பட்டப்பகலில் ஷட்டரை இறக்கினார். “இனிமே மாத்த வரவேண்டி இருக்காது.”

தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டே மெக்கானிக் நடந்தான்.

“வழவழா கொழகொழா!” என்று தொடங்கிய டாக்டர், காபி ஆறி ஆடை கட்டும்வரை நிறுத்தவில்லை. “நீயாவது சொல்லுப்பா! யுகம் ஏழா, நாலா?”

கைநழுவப்போகிறவளின் குரல் மெக்கானிக்கின் காதில் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

“சார், நான் லிஃப்ட் பாக்கறவன். மாடி ஏழா நாலான்னு கட்டினவருக்குத் தெரியும். கதவு திறக்கறப்ப நாம தயாரா நிக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

டாக்டர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. தன்னிடம் வருகிறவர்களின் கஷ்டம் முதல்முறையாக அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இனிமே மாமான்னு கூப்பிடு.” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “அக்கா! பொண்ணை வரச்சொல்லு!” இவன் பக்கம் குனிந்தார். “ஆனா மாப்பிள்ளை, முன்னாடியா பின்னாடியாங்கறது மட்டும் இன்னும் முடிவாகலை.”

அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

“முடிவாயிடுச்சு தம்பி. பின்கதவு திறந்தப்ப உன் பொண்ணு தயாரா நின்னா. புத்தகக் கடைக்காரரோட எடுத்துக்கொள்ளப்பட்டுட்டா, உபத்திரவத்துக்கு முன்னாடியே.”