மார்ச் மாதத்து வள்ளல்

மழைக்கு ஈசல், மார்ச்சுக்கு வள்ளல். வருமான வரிக் கணக்கை முடிக்கும் மாதத்தில் மட்டும் இரக்கம் சுரக்கிற இந்த இனத்தை நீங்கள் எங்கும் பார்க்கலாம். அடையாளம் எளிது. யார் அழுதாலும், “ரசீது உண்டா?” என்பார்.

தூத்துக்குடியில் பிளாரன்ஸ் டீச்சருக்கு வாய்த்தவர் வேல்ராஜ் அண்ணாச்சி. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ‘வேல்ராஜ்’ கம்பெனியின் முதலாளி. டீச்சர் நடத்தும் மருத்துவ அறக்கட்டளைக்கு ஒரு டயாலிசிஸ் இயந்திரம் வேண்டியிருந்தது. உப்பளத்தில் வேலை பார்த்த இசக்கிசெல்வி, சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை திருநெல்வேலிக்குப் போய், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி பஸ்ஸில் திரும்பி வருகிறாள். இயந்திரத்துக்குக் குறைவது ஐந்து லட்சம். அதைத் திரட்ட ஒரு விருந்துக்கு ஏற்பாடாயிற்று.

“அஞ்சும் என் பொறுப்பு டீச்சர்” என்றார் அண்ணாச்சி.

பிறகு போன்கள் வந்தன. வாசல் வளைவில் கம்பெனி பெயர் வேண்டும், மேடைத் திரையில் வேண்டும், தண்ணீர் பாட்டிலில் வேண்டும், இலைக்கு அடியில் விரிக்கிற தாளிலும் வேண்டும். மேடைத் திரையில் நோயாளிகளின் படம் இடத்தை அடைக்கிறதே? எடுத்துவிடுங்கள்.

விருந்தன்று மாலை, ஆள் உயரத் தெர்மோகோல் காசோலையை மேடையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். கீழே இறங்கியதும் டீச்சர் நிஜ செக்கைக் கேட்டார்.

“நன்கொடை ரசீது குடுங்க. பாதிக்கு வரிக்கழிவு உண்டுல்லா? கூடவே விளம்பரம்னு ஒரு பில்லும் போட்டுருங்க. அத மொத்தமா கம்பெனி செலவுல எழுதிக்கிடுதேன்.”

“ஒரே காசுக்கு ரெண்டா?”

“ரெண்டு கையாலயும்லா குடுத்தேன்!”

பொய் ரசீதில் டீச்சர் கையெழுத்துப் போட்டால் அறக்கட்டளையின் பதிவு போய்விடும். போடாவிட்டால் இயந்திரம் போய்விடும்.

“ஒரே மீன காயவும் போட்டு, பச்சையா கொழம்பும் வைக்க முடியுமா அண்ணாச்சி? நன்கொடைன்னா வளைவுல இருந்து ஒங்க பேர இறக்கணும். விளம்பரம்னா பில்லு மட்டுந்தான். ஒண்ணச் சொல்லுங்க.”

“தர்ம காரியத்துல போயி கணக்குப் பாக்குதியளே டீச்சர்!”

அண்ணாச்சி வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். இந்த இனத்தின் விசேஷமே அதுதான்.

டீச்சர் ஏணி கொண்டுவரச் சொன்னார். பந்தல்காரர் ஏறி ஒரு கயிற்றை அவிழ்த்தார். பெயரின் பின்பாதி மடிந்து தொங்க, ‘வேல்’ மட்டும் மிஞ்சியது. பெற்ற பிள்ளை கிணற்றில் விழுவதைப் பார்த்ததுபோல் அலறினார் அண்ணாச்சி.

“ஏலே, இறக்காதலே! விளம்பரமாவே இருக்கட்டும்!”

டீச்சர் பில் புத்தகத்தைத் திறந்தார். அண்ணாச்சி செக் எழுதி நீட்டினார். ஐம்பதாயிரம்.

“அஞ்சு லட்சம்லா சொன்னிய?”

“அது தர்மத்துக்குச் சொன்னது டீச்சர். ஒரு பேனருக்கு எவன் அஞ்சு லட்சம் குடுப்பான்?”

இயந்திரம் வரவில்லை. அது வரவேண்டிய அறையில் தெர்மோகோல் காசோலை சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஐந்துக்குப் பின்னால் ஐந்து பூஜ்யங்களும் சரியாக இருக்கின்றன. இசக்கிசெல்வி நாளைக்கும் பஸ் ஏறுவாள்.

அண்ணாச்சியைத் திட்டிவிட்டீர்களா? நல்லது, அதற்குச் செலவில்லை. ஒரே ஒரு கேள்வி: கடைசியாக நீங்கள் யாருக்காவது கொடுத்தது எந்த மாதம்? நினைவில்லையா? ரசீதைப் பாருங்கள். பத்திரமாகத்தான் வைத்திருப்பீர்கள்.